தூண்டிலுக்கு ஒரு பிடி

எங்கள் மாமா எதையும் ஆரம்பிப்பதில் சூரர். முடிப்பதில்தான் கொஞ்சம் சிரமம். அவர் கட்டிய ஆட்டுப்பட்டிக்கு மூன்று பக்கம்தான் வேலி உண்டு. நான்காவது பக்கத்தில் அவரே நின்றுகொண்டு ஆடுகளை மிரட்டுவார். அதனால் ஒரு தவக்காலத்தின் தொடக்கத்தில், தான் தூண்டில் செய்யப்போவதாக அவர் அறிவித்தபோது ஊரில் ஒருவரும் மீன் குழம்புக்குப் புளி கரைத்து வைக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். எங்கள் ஊர் ஏரியூரிலிருந்து ஆற்றுப்பக்கம் போகிற வழியில் இருக்கிறது. மேட்டூர் அணையில் தேங்குகிற காவிரித் தண்ணீர் எங்கள் காட்டுக்குக் கீழே வரைக்கும் வந்து நிற்கும். ஊரில் பாதிப்பேர் முனியப்பனுக்குச் சொந்தம், பாதிப்பேர் மாதாவுக்குச் சொந்தம். நாங்கள் மாதா பக்கம். தவக்காலம் முழுக்க எங்கள் வீடுகளில் கறி கிடையாது, ஆனால் மீனுக்குத் தடையில்லை. ஆகவே மாமாவின் தூண்டிலைப் பக்தி சம்பந்தப்பட்ட காரியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் தூண்டில் என்றால் ஒரு மூங்கில் குச்சி, கொஞ்சம் நைலான் நரம்பு, ஒரு முள். கட்டி முடித்த கையோடு தண்ணீருக்குக் கிளம்பிவிடலாம். மாமா அப்படிக் கிளம்புகிற ஆளில்லை. இரண்டு வருஷம் மேட்டூரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அங்கே அணைக்கரையில் ஒரு இன்ஜினியர் தனியாகப் பிடி போட்ட தூண்டில் வைத்திருந்தாராம்.

"குச்சி எதுவா இருந்தாலும் ஒண்ணுதான் பாப்பா. புடிதான் தூண்டிலு" என்றார் என்னிடம். அந்தப் பிடிக்கு மரம் தேடுவதற்கு அவருக்குத் தவக்காலம் பூராவும் தேவைப்பட்டது.

மாமா மேட்டூருக்குப் போன காரணத்தை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் ஊருக்கே தெரியும் என்பதால் எனக்கும் தெரியும். எங்கள் காட்டில் அப்பா கிணறு வெட்டினார். எங்கள் மண்ணில் இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் பாறை வந்துவிடும். பிறகு வெடி வைத்துத்தான் இறங்க முடியும். திரி பற்றவைத்துவிட்டு எல்லாரும் மேலே ஏறி ஓடிவிடுவார்கள். வைத்த வெடியெல்லாம் வெடித்ததா என்று காதால் எண்ணிச் சொல்கிற வேலை மாமாவுக்கு. அன்றைக்கு அவர் எல்லாம் வெடித்துவிட்டது என்று சொன்னார். ஒன்று வெடிக்கவில்லை. அப்பா இறங்கிப் போய்க் கடப்பாறையால் பாறையை நெம்பினார்.

அப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. உயிர் தப்பியதே மாதாவின் கிருபை என்று ஊர் சொன்னது. அப்பாவும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரவில்லை. வெளியே போகும்போது துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் போனார். மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மாமா மேட்டூருக்குப் போயிருக்க மாட்டார் என்று அம்மா ஒருமுறை அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பி வந்த மாமா அடுத்த தெருவில் அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. எனக்கென்ன, பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்விடுவேன். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். பெரியவர்களில் அவர் ஒருவர்தான் என் அபிப்பிராயத்தைக் கேட்டு, அதன்படி நடந்தவர்.

மரம் தேடும் படலம் புளியில் ஆரம்பித்தது. மாமா ஒரு கிளைத்துண்டை முழ நீளத்துக்கு வெட்டி, பட்டை உரித்து, என் கையில் கொடுத்தார். நான் ஐந்து விரலாலும் பற்றினேன்.

"அப்படியில்ல. நடு மூணு வெரலையும் மடக்கிக்க. கட்டவெரலும் சுண்டுவெரலும் மட்டும். ஆங். இப்ப ஆட்டு."

"தூண்டில எதுக்கு மாமா ஆட்டணும்?"

"மீனு இழுத்தா ஆடாதா?"

நியாயமாகத்தான் பட்டது. மேட்டூர் இன்ஜினியர் அப்படித்தான் பிடித்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் ஆட்டினேன், புளியங்கட்டை கையிலிருந்து நழுவி என் கால் பெருவிரலில் விழுந்தது. கனம் அதிகம் என்று தீர்ப்பாயிற்று.

அடுத்தது முருங்கை. கனமே இல்லை, ஆனால் இரண்டு உலுக்கில் முறிந்தது. ஒகேனக்கல் காட்டுப் பக்கத்திலிருந்து யாரோ விறகோடு கொண்டுவந்த ஆச்சா மரத்துண்டு இரும்பாக இருந்தது. மாமா அரிவாளால் செதுக்கப் பார்த்து அரிவாளைத்தான் மழுக்கினார். மூங்கிலில் சிலாம்பு கிளம்பி உள்ளங்கையில் ஏறும். வேம்பு நன்றாகத்தான் இருந்தது. காயக் காய வெடிப்பு விட்டது. வெடிப்புக்குள் தோல் சிக்கினால் கிழித்துவிடும் என்றார். கொய்யாவை நான் சிபாரிசு செய்தேன். கல்லடிக்கிற கவட்டைக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது என்பது நான்காம் வகுப்பு முழுக்க ஒப்புக்கொண்ட விஷயம். கொய்யா வழவழப்பாக இருந்தது. வேர்த்த கையில் அந்த வழவழப்பே ஆகாது என்று தள்ளிவிட்டார்.

ஒவ்வொரு கட்டையையும் முதலில் நான் பிடித்து ஆட்ட வேண்டும். பிறகு அவர் தன் நடு மூன்று விரல்களையும் ஒரு கந்தல் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆட்டிப் பார்ப்பார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே அழுந்தியிருக்கிறது என்று கணக்கெடுப்பார். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னப்பா, மொதலைக்குத் தூண்டில் போடறயா?"

"கெண்டைக்குத்தாங்க."

"கெண்டை இன்னும் உசுரோட இருக்குதான்னு பாத்துக்க. நீ புடி செய்யறதுக்குள்ள செத்துப்போயிரும்."

மாமாவும் கூடச் சிரிப்பார். அவருக்கு ரோஷம் என்பது மருந்துக்கும் கிடையாது என்று எனக்கு அவர்மேல் கோபமாக வரும்.

விரலை மடக்கிப் பிடிப்பது எனக்கு ஒரு வித்தையாகிவிட்டது. வீட்டில் கரண்டியை அப்படிப் பிடித்துக் குழம்பு ஊற்றினேன். விளக்குமாற்றை அப்படிப் பிடித்துப் பெருக்கினேன். ஒருநாள் அப்பா களி தின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலுமாக உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்ப்பார். நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். நான் என் பங்குக் களியையும் அதேமாதிரி கிள்ளினேன். அப்பாவின் கை பாதியில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்றார் அப்பா.

"மாமாதான். தூண்டில இப்படித்தான் புடிக்கோணுமாம்."

அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்து மிச்சக் களியையும் மெதுவாகத் தின்று முடித்தார். அடி விழும் என்று நினைத்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

இங்கே எங்கள் கட்டை மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலைப் பூசையில் கோயில் மணிகள் கடைசியாக ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் ஈஸ்டர் பூசைவரை வெண்கலச் சத்தம் கேட்கக் கூடாது. மணிக்குப் பதில் கட்டை மணி. ஒரு தடித்த பலகை, இரண்டு பக்கமும் ஆடுகிற மரச் சுத்திகள், கீழே உலக்கைப் பருமனில் ஒரு பிடி. பிடியைப் பற்றி உலுக்கினால் சுத்திகள் மாறி மாறி அடித்துத் தடதடவென்று ஒரு சத்தம் கிளம்பும். சிறு பிள்ளைகள் ஓடி ஒளிகிற சத்தம். பெரிய வெள்ளியன்று அதை உலுக்கிக்கொண்டே தெருத்தெருவாகப் போய் ஜனங்களைக் கோயிலுக்கு அழைக்க வேண்டும். எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு உரிமை உண்டு. குடை பிடிக்க ஒரு வீடு, தேருக்கு வடம் கொடுக்க ஒரு வீடு. கட்டை மணி எங்கள் வீடு. வருஷம் முழுக்க அது எங்கள் பரணில் துணி சுற்றிப் படுத்திருக்கும்.

கிணற்றுச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு வருஷமும் அதைப் பிடித்தது அப்பாவின் பங்காளி முறையில் அண்ணன், எங்கள் பெரியப்பா. இடது கையால் பிடிக்கலாமே என்று சிலர் சொன்னார்களாம். கோயில் காரியத்துக்கு இடது கையா என்று அப்பாவே மறுத்துவிட்டார். அந்த வருஷம் பெரிய வியாழனுக்கு நான்கு நாள் முன்னால், குருத்து ஞாயிறன்று பெரியப்பா பேச்சை எடுத்தார்.

"வருசா வருசம் வந்து வாங்கிக்கிட்டுப் போயி, மறுபடி கொண்டாந்து குடுத்துக்கிட்டு எதுக்கு? இனிமே எங்க வூட்டுலயே இருக்கட்டுமே."

"எடுத்துக்கங்கண்ணா" என்றார் அப்பா. உப்பு கேட்டால் எடுத்துக்கொடுப்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா பென்னாகரம் சந்தைக்குப் போயிருந்தபோது மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக வாசற்படி மிதிக்கிறார். எனக்குக் குதிக்கலாம்போல இருந்தது. அம்மா வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ஏணியைக் கொண்டுவந்து பரணில் சாத்திப் பிடித்துக்கொண்டாள். மாமா மேலே ஏறி, கொஞ்ச நேரம் எதையோ தட்டி, ஒரு பருத்த கட்டையோடு இறங்கினார்.

"பூவரசு பாப்பா. உங்க பாட்டன் காலத்துக் கட்ட. எண்ணெய் வைக்காமயே எப்படி மின்னுது பாத்தியா? கனமும் இல்ல, வெடிப்பும் இல்ல, வழுக்கவும் வழுக்காது."

அன்றும் மறுநாளும் அவர் வேறெங்கும் போகவில்லை. கத்தியாலும் உடைந்த கண்ணாடிச் சில்லாலும் அந்தக் கட்டையைச் சுரண்டினார். கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு குழி. சுண்டுவிரல் மாட்டிக்கொள்ள ஒரு வளைவு. உள்ளங்கை பொருந்த ஒரு மேடு. பத்துத் தடவை சுரண்டினால் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். தொடங்கிய காரியம் ஒன்றை மாமா முடித்து நான் பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. மூங்கில் குச்சியைச் சொருக ஒரு முனையில் துளை போட வேண்டியதுதான் பாக்கி.

பெரிய வியாழன் மத்தியானம் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, பின்னால் அவர் மகன்கள். கட்டை மணியைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போகிற நாளல்லவா. அம்மா பரணில் ஏறித் துணிமூட்டையை இறக்கினாள். பிரித்தால் பலகை இருக்கிறது, சுத்திகள் இருக்கின்றன, பிடி இருந்த இடத்தில் ஓட்டை.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் தெருவில் யாரோ கத்திவிட்டார்கள்: "அய்யய்யோ, அவன் தூண்டிலுக்குப் புடி சுரண்டிக்கிட்டு இருந்தானே!"

மாமாவை இழுத்துவந்தார்கள். இழுக்கத் தேவையே இல்லை. கையில் பிடியோடு அவரே வந்துகொண்டிருந்தார்.

"கோயில் சாமான எடுத்து மீன் புடிக்கப் போட்டானே பாவி!"

"இதே ஊருல பொறந்து வளந்தவனுக்குக் கட்டை மணி தெரியாதாடா?" என்றார் பெரியப்பா.

"துணி சுத்தியிருந்துச்சுங்க. ஏதோ பழைய கட்டைன்னு நெனச்சிட்டன்."

எல்லாரையும்விட உரக்கத் திட்டியது அம்மாதான். கண் அவிந்துபோச்சா, கட்டையில போறவனே, குடும்ப மானத்தைக் கெடுக்க வந்தவனே என்று தெருவே அதிர்ந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே இவள்தானே என்று எனக்கு ஆத்திரம். சொல்லிவிட வாயெடுத்தேன். திட்டை நிறுத்தாமலே அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். தன்மேல் பழி வருமென்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

புதுப்பிடி போடலாமென்றால் ஆசாரி குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போயிருந்தார். மாலைப் பூசைக்கு நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மாமாவின் பிடியையே ஓட்டையில் சொருகினார்கள். நல்லவேளையாக மாமா அந்த முனையில் இன்னும் கைவைத்திருக்கவில்லை. பழைய அளவிலேயே இருந்ததால் ஆப்பு வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

பெரியப்பா வாங்கிப் பிடித்தார். ஐந்து விரலுக்கும் அதில் இடமில்லை. உலுக்கினார், பிடி கைக்குள் சுற்றிக்கொண்டு பலகை அவர் முழங்காலில் அடித்தது. அவர் மூத்த மகன் பிடித்தான். இளையவன் பிடித்தான். எப்படிப் பிடித்தாலும் ஏதாவது ஒரு விரல் மேட்டில் ஏறி நசுங்கியது.

"என்ன எழவு புடிடா இது, கொரங்குக்கா செஞ்ச?"

அதற்குள் கோயிலிலிருந்து சாமியாரே வந்துவிட்டார். எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத, பொறுமை கம்மியான சின்ன வயசுச் சாமியார். "யாருக்குப் பிடிக்க வருதோ அவங்க பிடிங்கப்பா, நேரமாச்சு" என்று அதட்டினார்.

அப்பா அதுவரை வாசலில், கையில் சுற்றிய துண்டோடு, எதிலும் கலந்துகொள்ளாமல் நின்றிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா படியிறங்கி வந்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். ஊர் பார்க்க அந்தக் கையை அவர் நீட்டியது அன்றைக்குத்தான். பெரியப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கட்டை மணியைக் கொடுத்தார்.

கட்டைவிரல் குழிக்குள் போனது. சுண்டுவிரல் வளைவில் மாட்டிக்கொண்டது. அப்பா ஒருமுறை எடை பார்ப்பதுபோல ஏந்திப் பார்த்தார். பிறகு உலுக்கினார்.

தடதடவென்று தெரு முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. முனியப்பன் பக்கத்து வீடுகளிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் திட்டு பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள்.

அந்தப் பூசையிலும் மறுநாள் தெருத்தெருவாகப் போனதிலும் கட்டை மணியைப் பிடித்தது அப்பாதான். பெரியப்பா கொஞ்சம் முறைத்துக்கொண்டு, பின்பு முறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். பிடிக்க முடியாத மணியை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

பெரிய வெள்ளியன்று காலையிலிருந்தே ஊரெல்லாம் மாமாவைப் பற்றித்தான் சிரிப்பு. அப்பாவுக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகள் கூட்டத்தில் நானும் இருந்தேன். அடுத்த தெருவில் மாமா வெளியே வந்து, வேலியோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் எதிரில் வந்ததும் அப்பா நின்றார். சுத்திகள் தாமாக ஆடி ஓயும்வரை நின்றார். அப்புறம் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"மச்சான், தூண்டிலுக்கு வேற புடி பாத்துக்க."

சொல்லிவிட்டு உலுக்கிக்கொண்டே போய்விட்டார். மாமா அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய ஆண்பிள்ளை ஒருவர் அப்படித் தேம்பித் தேம்பி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. இரண்டு வருஷம் பேசாமலிருந்து, பேசுகிற முதல் பேச்சா இது? இவ்வளவு பாடுபட்டுச் செய்த பிடியைப் பறித்துக்கொண்டது போதாதென்று, வேறு பார்த்துக்கொள் என்று சொல்லவும் வேண்டுமா? கூட்டத்தோடு போகாமல் நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழாதீங்க மாமா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இன்னொரு பூவரச மரம் இருக்கிறது, நாளைக்கே ஒரு கிளை வெட்டி இதைவிட நல்ல பிடியாகச் செய்துவிடலாம் என்று அவர் முதுகைத் தடவித் தடவிச் சொன்னேன்.